ஒரு தலை, இரண்டு நேர்ச்சை

முதல் மழை விழுந்தால் மண்வாசனை வருமாம். எங்கள் தாராவியில் தோல் நாற்றம்தான் வரும்... ஊறின மாட்டுத்தோலும் சுண்ணாம்பும் கலந்து சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து உட்காரும். அந்த நாற்றம் ஏறினால் அந்தோணியார் திருவிழா வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜூன் பதிமூன்று. பம்பாயில் சரியாக மழை பிடித்துக்கொள்ளும் நேரம்! திருநெல்வேலிப் பக்கம் அன்றைக்குச் சப்பரம் ஜம்மென்று போகும். இங்கே வருஷா வருஷம் அந்தோணியார் தலைக்கு மேல் தார்ப்பாய். திருவிழாவை டிசம்பரில் வைத்தால் என்ன என்று கேட்டால் பெரியவர்கள் அடிக்க வருவார்கள். புனிதர் செத்த தேதியை மாற்ற முடியுமா என்பார்கள். சரி, நனையட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

(இதை நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் செய்கிறாள். இப்போதே சிரிக்கிறாள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை.)

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். எனக்குப் பத்து வயது. சப்பரத்துக்கு முன்னால் எட்டுப் பெண்பிள்ளைகள் தேவதூதர் மாதிரி வெள்ளை கவுன், ஜிகினாத் தாள் ஒட்டின இறக்கை, விரித்த தலைமுடியோடு பூத்தூவிக்கொண்டு போவார்கள். சம்மனசுகள்! இரண்டு வருஷம் கெஞ்சி, அந்த வருஷம்தான் எனக்கு இடம் கிடைத்தது. அதுவும் எதனால்? இடுப்புக்குக் கீழே தொங்கிய என் முடியால்.

கொடியேற்றம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நாவிதர்ட்ட சொல்லிட்டேன். பதிமூணாந்தேதி காலைல வந்துருவாரு. பிள்ளைக்கு மொட்ட."

அம்மா கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்தாள்.

"என்ன மொட்ட? அந்த முடிய நான் பாந்த்ரா மாதாவுக்குல்லா நேந்துருக்கேன்! செப்டம்பர் திருவிழாவுக்கு!"

விஷயம் இதுதான். இரண்டு மாசம் முன்னால் எனக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தேன். பிள்ளை பிழைத்தால் முடி தருகிறேன் என்று அப்பா அந்தோணியாரிடம் நேர்ந்திருக்கிறார். அதே முடியை அம்மா மாதாவிடம் நேர்ந்திருக்கிறாள். ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை!

யாராவது என்னைக் கேட்டார்களா? என் தலை ஐயா அது!

பிறகு ஒன்பது நாளும் வீட்டில் இதே பஞ்சாயத்து. நான்தான் முதலில் நேர்ந்தேன் என்பார் அப்பா. "மாதா பெரியவளா, அந்தோணியார் பெரியவரா?" என்பாள் அம்மா. பக்கத்து ரூம் அருளாயி அத்தை, முன்பாதி அந்தோணியாருக்கு, பின்பாதி மாதாவுக்கு என்று பாகம் பிரித்தாள். எனக்கு வந்த எரிச்சலை எங்கே போய்ச் சொல்ல!

கோவாக்காரப் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் ஹிந்தியில் எளிதாக முடித்துவிட்டார். பாந்த்ராவில் மெழுகில் செய்த தலை விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கி மாதாவுக்கு வையுங்கள், போதும். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அம்மாவோ வெளியே வந்து, "மெழுகுத் தலைய வச்சு மாதாவ ஏமாத்தச் சொல்லுதாரு... இவரெல்லாம் ஒரு சாமியாரா?" என்றாள்.

கடைசியில் முடிவாயிற்று. ஜூனில் ஒரு மொட்டை, செப்டம்பரில் வளர்ந்த மட்டும் இன்னொரு மொட்டை. அடப்பாவிகளா!

பதிமூன்றாம் தேதி காலை. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் இரண்டு கையாலும் முடியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்று கத்தினேன்.

"ரெண்டு பேரும் பேசிருந்தா ஒரு மொட்டையோட போயிருக்கும்லா! ஏன் சொல்லல? ஏன் சொல்லல?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரு என்னைய வெளிய கூட்டிட்டுப் போயி, பிள்ள தேறாதுன்னுட்டாரு. அத உங்கம்மட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

அம்மா மெதுவாக, "எனக்கு நர்சம்மா அன்னைக்குக் காலைலயே சொல்லிட்டாவ. நீங்க ஒடைஞ்சு போயிருவியன்னுதான்..." என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாவிதர்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் முடியை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மொட்டைச் சம்மனசா என்று கமிட்டிக்காரர்கள் இழுத்தார்கள். "சம்மனசுக்கு முடி இருக்கணும்னு எந்த வேதத்துல போட்டுருக்கு?" என்று அம்மா ஒரு சத்தம் போட்டாள். நடந்தேன். பத்தே நிமிஷம்... கொட்டின மழையில் ஜிகினாவெல்லாம் கழன்று, இறக்கையின் வெறும் மூங்கில் குச்சியோடு கோயில் திரும்பினேன். செப்டம்பரில் சொன்னபடி மறுபடியும் மொட்டை. பள்ளிக்கூடத்தில் வருஷம் முழுக்க 'டக்லி, டக்லி' என்று, அதாவது மொட்டைச்சி என்று, கூப்பிட்டே சாகடித்தார்கள்.

இப்போது பம்பாயை ஒட்டின ஐரோலியில் மகன் வீடு. சப்பரம் லாரியில் போகிறது, போனில் லைவ் வருகிறது. போன வருஷம் நிமோனியா வந்து ஐசியுவில் கிடந்தேன். இந்தக் காலத்தில் ஒளிவுமறைவே இல்லை. டாக்டர் என் கட்டில் பக்கத்திலேயே நின்று எல்லாம் சொன்னார். மகனும் மருமகளும் ரிப்போர்ட்டை எனக்கே காட்டினார்கள். நல்லதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு மகனிடம் கேட்டேன். "எனக்காக யாருக்காவது எதாவது நேந்தியாடே?"

"எதுக்கும்மா? இன்சூரன்ஸ் இருக்குல்ல."

நல்ல பிள்ளை. ராத்திரி பகலாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மொட்டை வேண்டாம்... அந்தோணியார் காலடியில் கொட்ட ஒரு பிடி உப்பும் மிளகுமாவது நேர்ந்திருக்கக் கூடாதா?