நாயோடு போகிறவனின் சீட்டு

நாயைத் திருப்பி அனுப்பத்தான் அதிக நேரம் போனது. கரவெட்டிப் பக்கத்துத் தோட்ட வெளியைக் கடந்து நெல்லியடி றோட்டில் ஏறுவதற்குள் மூன்று தடவை மண்ணாங்கட்டி எடுத்து எறிந்தேன். அது அதை விளையாட்டு என்று நினைத்தது. வாலை ஆட்டிக்கொண்டு பத்தடி பின்னாலேயே வந்தது. வேறு நாளென்றால் வரட்டும் என்று விட்டிருப்பேன். அன்றைக்குத் தோளில் பையும் பின்னால் நாயுமாக என்னை யாராவது கண்டால் என் கதை முடிந்தது. அப்படிப் போகிற ஒருவனுடைய படம் மத்தியானத்திலிருந்து ஊரில் எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. கையை வெட்டியவன் அவன்தானாம்.

இடம் விட்டு இடம் போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். இரண்டு பக்கத்திலும் கவலை இருக்கவில்லை. குருநாகலில் கல் சுமந்தேன், சிங்களம் அங்கேதான் வந்தது. குருநகரில் படகுகளுக்கு ஐஸ் உடைத்தேன். வெங்காயம் கிண்டி எடுக்கிற காலத்தில் இந்த ஊருக்கு வந்தேன். கிண்டி முடிந்ததும் தோட்டக்காரர் மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிற்கச் சொன்னார். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட அவருக்கு ஒரு ஆள் வேண்டும். கிணற்றடியில் மோட்டார் வைத்திருக்கிற கொட்டிலில் படுத்துக்கொண்டேன். நல்ல மனிதர். நாளைக்கு நாலு வசனத்துக்கு மேல் பேசமாட்டார்.

கிணறு அவருக்கும் அவருடைய தம்பியாருக்கும் பங்கு. தம்பியாருக்கு நெல்லியடியில் பலசரக்குக் கடை. யார் எந்த நாளில் இறைப்பது என்று இரண்டு பேரும் பன்னிரண்டு வருடமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இவர் முறை மாறி மோட்டாரைப் போட்டுவிட்டார். தம்பியார் கிணற்றடியில் நின்று, "இனி உந்த சுவிச்சிலை கை வைச்சுப் பார், கை இராது" என்று கத்தினார். நான் வாய்க்காலில் நின்றேன். சுற்றியுள்ள நாலு வளவுக்காரரும் வேலிக்கு மேலால் கேட்டார்கள்.

பத்தாம் நாள் பின்னேரம், தலைக்கவசம் போட்ட இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒழுங்கையில் தோட்டக்காரரை மறித்து, வலது கையை வாளால் வெட்டிவிட்டுப் போனார்கள். சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் நான். கட்டியிருந்த சாரத்தைக் கழற்றி அவருடைய கையைச் சுற்றிக் கட்டினேன். உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை தப்பியது, விரல்கள் இனிச் சொல் கேட்காது என்றார்கள். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் சேட்டில் இரத்தம் என்று கணவருடைய சேட் ஒன்றைத் தந்தார். அடுத்த இரண்டு கிழமையும் அந்த ஊரில் என்னைப்போல் நல்ல பொடியன் கிடையாது.

பொலிஸ் வந்தபோது தலைக்கவசத்தைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலிக்கு மேலால் கேட்ட நாலு வளவுக்காரரும் சொல்லவில்லை. வெட்டு வாங்கியவரே, "முகம் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கடைசியில் பொலிஸ் அக்காவுக்கு ஒரு நாள் குறித்தது: யாரில் சந்தேகம் என்று அன்றைக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதற்கு முதல்நாள்தான் வீட்டில் கூட்டம் கூடியது. ஊருக்கே தெரிந்த ஒரு விஷயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசினார்கள்.

பேச்சை நடத்தியவர் பக்கத்து வளவு ஓவசியர். அரசாங்கத்துக்குப் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். மை போட்டுப் பார்க்கிற ஒருவரிடம் போகலாம் என்றார். அப்போதுதான் பிரான்ஸிலிருந்து வந்திருந்த அக்காவின் பெறாமகள், தங்கை பெற்ற பெண், தன்னிடம் டாரட் என்கிற சாத்திரச் சீட்டு இருக்கிறது, பெரியம்மாவுக்கு மனம் ஆறும் என்றால் வைத்துப் பார்க்கலாம் என்றார். நல்ல பெண். அங்கே ஏதோ இணைய வகுப்பில் படித்தவர்.

"கிளி எங்கை பிள்ளை?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"இதுக்குக் கிளி இல்லையம்மா."

"அப்ப ஆர் எடுக்கிறது?"

"நான்தான்."

கிளி இல்லாத சாத்திரத்தில் கூட்டத்துக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. முதல் சீட்டைத் திருப்பியதும் போன நம்பிக்கை முழுதாகத் திரும்பி வந்தது. அதில் ஒருவன் குப்புறக் கிடந்தான். முதுகில் பத்து வாள். "ஐயோ!" என்றார்கள். அந்தச் சீட்டுக்கட்டில் வாளுக்கென்று பதினான்கு சீட்டுகள் இருக்கின்றன என்று அந்தப் பெண் எனக்குப் பிறகு சொன்னார். வெங்காயச் செய்கை பற்றிக் கேட்டிருந்தாலும் ஒரு வாளாவது வந்திருக்கும்.

இரண்டாவது சீட்டு, செய்த ஆளுக்கு உரியது. ஓவசியர் அதை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஒரு வாலிபன், தோளில் தடியில் கட்டிய பொதி, காலடியில் ஒரு நாய். நான் இளநீர் வெட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"தோளிலை பொதி. காலுக்கை நாய். ஊர் பேர் இல்லை. இதைவிட அடையாள அட்டையோ தரவேணும்?"

"ஐயா, உது ஆளின்ரை படமில்லை," என்றார் அந்தப் பெண். "உந்தச் சீட்டுக்கு முட்டாள் எண்டு பேர். புதுசா ஒரு பயணம் தொடங்கப்போகுது எண்டு அர்த்தம்."

"முட்டாள் எண்டதும் சரி. பயணம் எண்டால் ஓடப்போறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மட்டும்தான் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து, மத்தியானச் சோற்றுக்காக என் பின்னால் திரிகிற அந்தத் தெருநாய் வந்து வாசற்படியில் குந்தியது.

"அண்டைக்கும் இவன்தானே முதல்லை ஓடி வந்தவன்," என்று யாரோ சொன்னார்கள்.

"போட்டிருக்கிற சேட்டைப் பாருங்கோ. அது அவரின்ரை சேட்."

"அது அக்கா தந்தது," என்றேன். அக்கா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியாரும் வந்திருந்தார், ஒரு சீப்பு கதலியும் பிஸ்கட்டுமாக. நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிற ஆளில்லை. "பாவம், பொடியனைக் குழப்பாதேங்கோ," என்றார். "ஆனால் என்ன, சீட்டுப் பொய் சொல்லாது எண்டு பிள்ளை சொல்லுது."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை சித்தப்பா."

"இன்னொருக்கா வையுங்கோ," என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் குலைத்து, அடுக்கி, செய்த ஆளுக்கென்று மறுபடி ஒரு சீட்டைத் திருப்பி மேசையில் வைத்தார்.

அதில் ஒரு ஆள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தராசு. மற்றக் கையில் உருவிய வாள்.

தம்பியார் இருந்த கதிரைக்கு நேர் மேலே, அவருடைய கடை வருடப்பிறப்புக்குக் கொடுத்த காலண்டர் தொங்கியது. கடையின் பெயருக்கு மேலே தராசுப் படம். கூட்டம் காலண்டரைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று வாழைப்பழத்தில் கவனம் போனது. ஓவசியர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அவசரமில்லாமல் துடைத்தார்.

"பிள்ளை, உந்தச் சீட்டுக்கு என்ன பேர்?"

"நீதி."

"ஆ. அப்ப நீதி கிடைக்கும் எண்டு அர்த்தம். பாருங்கோ, உதெல்லாம் தத்துவம். படத்தை அப்பிடியே பாக்கப்படாது."

"நல்ல சீட்டு," என்றார் தம்பியார்.

என்னுடைய சீட்டு போட்டோவாக இருந்தது, அவருடையது தத்துவமாகிவிட்டது. எட்டாம் வகுப்போடு நிறுத்தியதற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இருக்கவில்லை. அந்தப் பெண் எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சீட்டுகளைப் பொறுக்கித் துணியில் சுற்றினார். அதற்குள் நாயோடு போகிறவனை யாரோ கைபேசியில் படம் பிடித்து அனுப்பியாகிவிட்டது. தராசுக்காரரை ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

நான் கொட்டிலில் பையைக் கட்டும்போது அக்கா ஒரு சோற்றுப் பார்சலோடு வந்தார்.

"நீ இல்லையெண்டு எனக்குத் தெரியும் தம்பி."

"அப்ப ஆரெண்டும் தெரியும்தானே அக்கா."

"தெரிஞ்சு? மூத்தவளுக்குத் தையிலை கலியாணம். சித்தப்பனை மறியல் வீட்டிலை வைச்சுப்போட்டே பந்தல் போடுறது?" மோட்டாரைப் பார்த்தபடி சொன்னார். "நாளைக்கு ஒரு பேர் சொல்லவேணும் எண்டு எல்லாரும் நிக்கினம். நீ நிண்டால் உன்ரை பேர்தான்."

"போனால்?"

"போனாலும் உன்ரை பேர்தான். ஆனால் பிடிக்க ஆள் இல்லை."

அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தரக்கூடியதில் நல்லது அதுதான் என்று நினைத்துத் தந்தார். நான் பார்சலை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

நெல்லியடிச் சந்திக்கு முன்னால், சோற்றில் பாதியைப் பிரித்து வைத்துத்தான் நாயை நிறுத்த முடிந்தது. யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் கைபேசியை எனக்கு நீட்டினார்.

"பாத்தீரே தம்பி? உவன்தானாம் கையை வெட்டினவன்."

சீட்டின் படம். நான் முகத்தைப் பிளேன்ரீக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டு, "ஓமோ?" என்றேன்.

"எனக்கெண்டால் நம்பேலாது. ஆளைப் பாரும், வெள்ளைக்காரன். தொப்பியிலை இறகு வேறை. உவன் என்னத்துக்கு எங்கடை ஊருக்கு வந்து வெட்டுறான்?" கொஞ்சம் யோசித்தார். "ஆனால் ஆள் ஓடிட்டானாம். ஓடினவன் எண்டால் செய்துதான் இருப்பான்."

பஸ் வந்தது. கொண்டக்டர், "யாப்பாணம், யாப்பாணம்" என்று கூப்பிட்டார். நான் எழும்பவில்லை. குருநகரில் போய் ஐஸ் உடைக்கலாம். ஆனால் அடையாள அட்டையில் இருக்கிற பெயர் அங்கேயும் அதே பெயர்தான். அந்தப் பஸ்ஸில் ஏறினால் படத்தில் இருக்கிறவன் நானாகிவிடுவேன். அதுவரை அவன் வெள்ளைக்காரன்.

அன்றிரவு ஒரு கோயில் மடத்தில் படுத்துவிட்டு, விடிந்ததும் பொலிஸ் நிலையத்துக்கு நானே போனேன். மேசையில் ஒரு சார்ஜன் இருந்தார், சிங்களவர். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஏறக்குறைய ஒரே வகுப்பு. அடையாள அட்டையை வைத்தேன்.

"இண்டைக்குக் கை வெட்டுக் கேஸிலை என்ரை பேர் வரும் ஐயா. அதுதான் முதலே வந்தன்."

"யார் சொன்னது நீ எண்டு?"

"ஒரு படம்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீசீடிவி?"

"இல்லை ஐயா. சீட்டு."

சீட்டைப் பற்றிச் சொன்னேன். பிறகு கிணற்றைப் பற்றியும், சுவிச்சைப் பற்றியும், கை இராது என்று கத்தியதையும் சொன்னேன். இரண்டு கிழமையாக வராத நியாய உணர்ச்சி, என் பெயர் வரப்போகிறது என்றதும் எனக்குத் தாராளமாக வந்தது. அவர் பேனாவை எடுத்தார், பிறகு வைத்தார்.

"அது குடும்பம் சொல்ல வேணும். நீ வெளி ஆள்." மேசை லாச்சியை இழுத்தபடி கேட்டார்: "அந்தச் சீட்டு நோனா இன்னும் ஊரில் இருக்கா? எனக்கு இடமாற்றம் எப்ப வரும் எண்டு கேக்க ஏலுமா?"

கேட்கலாம் என்றேன். அவர் அடையாள அட்டையை லாச்சிக்குள் போட்டுக்கொண்டு, என்ன வேலை தெரியும் என்று கேட்டார். எல்லாம் தெரியும் என்றேன். அடுத்த கிழமை மேலிடத்திலிருந்து ஒருவர் பார்வையிட வருகிறாராம். முன்சுவரைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏணியையும் சுரண்டுகிற தகட்டையும் காட்டினார்கள்.

வாக்குமூலம் எழுதுகிற அறையின் யன்னலுக்கு மேலே சுரண்டிக்கொண்டிருந்தபோது தம்பியாருடைய கடை வான் வந்து நின்றது. அவரே ஓட்டி வந்தார். அக்காவும் ஓவசியரும் இறங்கி உள்ளே போனார்கள். தம்பியார் பின்னால் போனார். ஏணியில் நிற்கிறவனை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

சார்ஜன் கேட்டது காதில் விழுந்தது: யாரில் சந்தேகம்?

"தோட்டத்திலை நிண்ட ஒரு பொடியனிலை ஐயா," என்றார் ஓவசியர். "நேற்றே ஓடிட்டான். ஓடினதே சாட்சி."

"அம்மா சொல்ல வேணும்," என்றார் சார்ஜன். பிறகு பேனாவால் யன்னலைத் தட்டி மேலே காட்டினார். "ஓடினது அவனா?"

மூன்று பேரும் யன்னல் கம்பிக்குள்ளால் அண்ணாந்து பார்த்தார்கள். என் தலையெல்லாம் பழைய சுண்ணாம்பு. வணக்கம் சொல்லலாம் என்றால் கையில் தகடு இருந்தது. ஓவசியர் கண்ணாடியைக் கழற்றினார். தம்பியார் வாசல் பக்கம் பார்த்தார். அக்கா என்னை நிறைய நேரம் பார்த்தார். நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். அவர் சொல்வது எனக்குக் காதில் விழவேண்டியிருந்தது.

"தலைக்கவசம் போட்ட ரெண்டு பேரிலை ஐயா," என்றார் அக்கா. "வேறை ஒருத்தரிலையும் இல்லை."

சார்ஜன் அதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கினார். வெளியே வந்தபோது அக்கா ஏணியடியில் ஒரு நிமிடம் நின்றார்.

"சாப்பிட்டியே?"

"ஓம் அக்கா."

வானில் ஏறினார். தம்பியார் அவருக்குக் கதவைச் சாத்திவிட்டார். நான் ஏணியை அடுத்த யன்னலுக்கு நகர்த்தினேன். இரண்டு நாள் வேலை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த ஏணியில் நிற்கிறவரை நான் ஓடினவன் இல்லை. நான் அதை ஐந்து நாள் செய்தேன்.