ஜீவனாம்ச நோட்டு

என் அப்பாவும் அம்மாவும் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது எனக்குப் பதினாலு வயது. சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தர் விடாமல் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். நானும் எனக்காகச் சந்தோஷப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. அதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் செருப்பால் அடிப்பார்கள்.

நான் நாலாவது படிக்கும்போது அப்பா வீட்டைவிட்டுப் போனார். கல்பாக்கத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஃபிட்டர் வேலை. அங்கேயே மூன்று பேரோடு ஒரு அறையில் தங்கிக்கொண்டார். அம்மா செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் உள்ளவர்களின் ஜீவனாம்ச மனுக்களையெல்லாம் அடித்துக் கொடுக்கிறவளுக்குத் தன்னுடையதை அடிக்க அரைமணி நேரம் போதும். எனக்காக அப்பா மாதாமாதம் ஒரு தொகை தரவேண்டும் என்று உத்தரவாயிற்று. அம்மா வங்கிக் கணக்கு எண்ணைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"அந்தாளு பேரு என் பாஸ்புக்குல வரக்கூடாது சார்."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு ஒரு ஏற்பாடு செய்தார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு. அப்பா கல்பாக்கத்திலிருந்து வருவார், நாங்கள் செங்கல்பட்டிலிருந்து போவோம். பணத்தைக் கையில் தரவேண்டும், நோட்டில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அதன்பிறகு இரண்டு மணி நேரம் அப்பா என்னோடு இருக்கலாம்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள் என்பதால் நடுவில் நான்தான் தபால்காரி. அம்மா ஸ்டாண்டின் ஒரு கோடி பெஞ்சில், சுவரைப் பார்த்தபடி உட்காருவாள். முதுகைக் காட்டி உட்காருவதில் என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. மறு கோடியில் அப்பா. நான் அப்பாவிடமிருந்து கவரையும் நோட்டையும் வாங்கி, அம்மாவிடம் கொண்டுபோய், கையெழுத்து வாங்கி, நோட்டை அப்பாவிடம் திருப்பித் தருவேன்.

அந்த நோட்டு சாதாரண நாற்பது பக்க நோட்டுதான். ஆனால் அப்பா அதில் தன் வேலையிடத்துப் பதிவேட்டைப் போலவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தேதி, தொகை, கையெழுத்து, கடைசியாக ரிமார்க்ஸ். பம்ப்பில் ஆயில் ஒழுகினால் எழுதுகிற இடம் அது. எங்கள் நோட்டில் எதற்கு என்று அவருக்கே தெரியாது, கை பழக்கத்தில் போட்டுவிட்டார்.

"இது இன்னாத்துக்குப்பா?" என்று முதல் மாதமே கேட்டேன்.

"எதுனா எழுதணும்னா எழுதிக்கோ."

எழுதினேன். 'மிளகாய் பஜ்ஜி. கடல் பச்சையாக இருந்தது.' அடுத்த மாதம், 'அப்பா முடி வெட்டியிருக்கிறார். நன்றாக இல்லை.' அப்புறம் ஒவ்வொரு மாதமும் எழுதினேன். பஸ் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அப்பா பேனாவைத் திறந்து கொடுப்பார். நான் எழுதும்போது எட்டிப் பார்க்கமாட்டார், எழுதி முடித்ததும் படிக்காமலே மூடிவிடுவார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு நடப்போம். மணலில் உட்கார்ந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுப்பார். மாதம் முழுக்க எனக்குச் சொல்வதற்கென்று சேர்த்துவைத்ததை அதில் நுணுக்கி எழுதிக்கொண்டு வந்திருப்பார். ஒர்க்‌ஷாப்பில் பூனை குட்டி போட்டது. அறை நண்பர் தூக்கத்தில் இந்தி பேசியது. கேன்டீன் சாம்பாரில் விழுந்த நட்டு. ஒவ்வொன்றாகச் சொல்லி, சொன்னதைப் பேனாவால் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். பிறகு என் முறை. நான் சொல்லும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் சண்டை போட்டேனே, அந்தப் பெண்ணோடு சமாதானம் ஆயிற்றா என்று ஞாபகமாகக் கேட்பார். வீட்டில் ஒன்றாக இருந்த காலத்தில் இந்த மனிதர் என்னோடு இத்தனை வார்த்தை பேசியதாக நினைவே இல்லை. நான் எத்தனாவது படிக்கிறேன் என்றே அம்மாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

பள்ளியில் என்னைப் பாவம் என்றார்கள். அப்பா இல்லாத பெண்ணாம். எனக்குச் சிரிப்பாக வரும். அவர்களுடைய அப்பாக்கள் யாரும் சீட்டு எழுதிக்கொண்டு வந்து பேசியவர்கள் இல்லை.

இருந்தாலும் ஊர் வழக்கப்படி நானும் வேண்டிக்கொண்டேன். திருப்போரூர் முருகனிடம், அப்பாவும் அம்மாவும் சேர்ந்துவிடவேண்டும் என்று. கேட்டது கிடைத்துவிட்டது, அதனால் அவர்மேல் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

ஒரு ஐப்பசி ஞாயிறு நல்ல மழை. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் கூரை ஒழுக ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் வீம்பாக நனைந்தாள். பிறகு பையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். அப்பா சட்டென்று எழுந்து இடம் விட்டார்.

"இன்னா, இளைச்சிட்ட?" என்றார்.

"நீ மட்டும் இன்னா, ஊதிப்போயா கீற?" என்றாள் அம்மா.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. அன்றைக்கு ரிமார்க்ஸில் 'மழை' என்று மட்டும் எழுதினேன். அடுத்த மாதம் அம்மா நேராக எங்கள் பெஞ்சுக்கே வந்தாள். அதற்கடுத்த மாதம் மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். அவர்கள் பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள், நான் முன்னால் தனியாக நடந்தேன். அப்பாவின் சட்டைப் பையில் சீட்டு இருந்தது, வெளியே வரவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "பாத்துப் போம்மா, கல்லு கில்லு குத்திடப்போவுது" என்றார்.

தை பிறந்ததும் அப்பா ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். இதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். வக்கீல் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நீங்கள் சேர்ந்துவிட்டது கோர்ட்டுக்கு எப்படித் தெரியும், உத்தரவு அப்படியேதானே நிற்கிறது, நாளைக்கு மறுபடி முறைத்துக்கொண்டால் அத்தனை மாதப் பாக்கியும் இவர் தலைமேல் விழும் என்றார். ஆகவே இருவரும் சேர்ந்து ஒரு மனு போட்டார்கள். அதையும் அம்மாவே டைப் அடித்தாள். இதுவரை பாக்கி எதுவும் இல்லை என்பதற்கு ஆதாரமாக நோட்டையும் சேர்க்கச் சொன்னார் வக்கீல், நகல் போதும் என்றுதான் சொன்னார். ஆனால் அம்மாவுக்கு அந்தத் தொழிலில் நகலின் யோக்கியதை தெரியும்.

"ஒரிஜினலே வெச்சிடுங்க சார். பின்னாடி ஒரு பேச்சு வரக்கூடாது."

ஊருக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிற என் அம்மா, அந்த நோட்டில் ஒரு பக்கம்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. எடுத்து வை என்று நானும் சொல்லவில்லை. பெண் நீதிபதி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, சந்தோஷமா என்று கேட்டார். சந்தோஷம் மேடம் என்றேன். என் கண்ணெதிரே நோட்டை வழக்குக் கட்டுக்குள் வைத்து நூலால் கட்டினார்கள்.

அந்த மாதத்து இரண்டாவது ஞாயிறு காலை எழுந்ததும் எனக்கு நாள் மறந்துவிட்டது. இல்லை, நாள்தான் நினைவிருந்தது, அப்பா வீட்டுக்கே வந்துவிட்டதுதான் மறந்துவிட்டது. குளித்து, பச்சை சுடிதாரைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பா லுங்கியோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கடைக்குப்பா" என்றேன். தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன். "உப்புதான் டப்பா நெறைய கீதேடி" என்றாள் அம்மா.

அப்பாவைக் குறை சொல்லமுடியாது. தினம் விடியற்காலை எழுந்து கல்பாக்கத்துக்கு பஸ் பிடித்தார், இருட்டும்போது வந்தார், சாப்பிட்டார், படுத்தார். குடிக்கவில்லை, அம்மாவோடு சண்டை போடவில்லை. தினம் பார்க்கிற பெண்ணிடம் சீட்டு எழுதிக்கொண்டு வந்தா பேசுவார்கள்? "சாப்டியா?" என்பார். "ம்" என்பேன். சட்டை துவைக்கும்போது நான் பையைத் தடவிப் பார்ப்பேன். பஸ் டிக்கெட்தான் இருக்கும். ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அதுவரை எனக்குத் தனிமை என்றால் என்னவென்று தெரியாது.

இப்போது சென்னையில் வேலை செய்கிறேன். போன மாதம் ஊருக்கு வந்தபோது, அம்மாவின் ஜெராக்ஸ் கடைக்கு வந்த கோர்ட் குமாஸ்தா ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். பழைய வழக்குக் கட்டுகளைக் கழிக்கப்போகிறார்களாம். அதிலிருந்து எதுவும் திரும்ப வேண்டுமென்றால், தாக்கல் செய்தவர் உடனே மனு போடவேண்டுமாம். அம்மா உள்ளே போயிருந்த நேரத்தில் நானே மனுவை டைப் அடித்தேன். நோட்டு அப்பா பெயரில் தாக்கலானது, அதனால் அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

வீட்டில் அப்பா தனியாக இருந்தார். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. மனுவை நீட்டினேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். முகம் சுருங்கியது.

"இந்த நோட்டு இன்னாத்துக்கும்மா ஒனக்கு?"

"சும்மாதாம்ப்பா."

"அது ஒயிஞ்சி போவட்டும்மா. பெத்த பொண்ணப் பாக்க பஸ் ஸ்டாண்டுல கவர் வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன். அத்த நெனச்சா இன்னிக்கும் எனக்கு மானம் போவுது. ஒன்னியும் அலைய வெச்சேனே." பேப்பரை நாலாக மடித்து என் கையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

என் வாழ்க்கையில் நான் பத்திரமாக வைத்திருந்தது அந்த இரண்டு மணி நேரங்களைத்தான். அவருக்கு அவை அவமானமாகவே இருந்திருக்கின்றன. அந்த ரிமார்க்ஸ் கட்டத்தில் நான் என்ன எழுதினேன் என்று அவர் ஒருநாளும் பார்க்காததற்கும் காரணம் அதுதான் போலிருக்கிறது. எனக்கு அவை எப்படிப்பட்டவை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த வயதில் அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் நீங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததில்தான் நான் உங்களை இழந்தேன் என்பதை ஒரு அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது?

மனுவைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம மாபலிபுரம் போலாமாப்பா? பீச்சுக்கு?" என்றேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "போலாமே! எத்தினி நாளாச்சி" என்றார். "அம்மாவ ஒரு வார்த்த கேளு. அவளையும் கூட்டிக்கினு போலாம்."

சரிப்பா என்று சொல்லி, போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.