மேற்கு வேலியோரம் வெட்டிப்போட்ட புல்

பட்டாசுக் கம்பெனிக்குள் காய்ந்த புல் இருக்கக் கூடாது. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். அந்த இடைவெளி வெறும் மண்ணாகக் கிடக்க வேண்டும். விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் அந்த வேலையை எட்டுப் பெண்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நூல் மில்லின் தோட்டமும் எங்கள் பொறுப்புதான். மில்லில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். இங்கே செல்போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பருத்திச் சேலை கட்டியிருக்க வேண்டும். இரும்பு கல்லில் உரசினால் பொறி பறக்கும் என்பதால் ஷெட் ஓரத்தில் கையால்தான் பிடுங்குவோம். வேலியோரம் மட்டும் அரிவாளுக்கு அனுமதி உண்டு.

அது சித்திரை மாதம். மேற்கு வேலியோரம் முழுக்க அறுத்துக் குவியல் குவியலாகப் போட்டிருந்தோம். அள்ளிப் போக டிராக்டர் சாப்பாட்டுக்கு மேல் வருவதாகப் பேச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய நிலமோ, தரிசாகக் கிடந்தது. இடுப்பளவு புல், எல்லாம் காய்ந்தது. குவியல்களுக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில், வெடிச் சரக்கு காயப்போடும் மேடை. நல்ல வெயில் என்பதால் மேடை நிறையப் பரப்பியிருந்தார்கள்.

புகையை முதலில் பார்த்தது தாயில்பட்டிக்காரி. அந்த ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், அதனால் அப்படித்தான் கூப்பிடுவோம். முன்பு ஒரு கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து ஷெட் வெடித்ததைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லித்தான் என்னிடம் புல் வேலைக்கு வந்தாள்.

“அக்கா, அங்கன பாருங்க.”

தரிசில் யாரோ கருவேல முள்ளை வெட்டித் தீ வைத்திருக்கிறார்கள். அது புல்லில் பிடித்துக்கொண்டது. காற்று எங்களைப் பார்த்து அடித்தது.

சங்கு ஊதியது. ஷெட்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து கிழக்கு கேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்கள். ஃபோர்மேன் எங்களிடம் ஓடிவந்தார்.

“ஏம்மா, என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? ஓடுங்க!”

நான் குவியல்களைப் பார்த்தேன். தீ வேலியைத் தொட்டால் முதலில் பற்றுவது இவைதான். பற்றிய புல்லைக் காற்று தூக்கிப்போனால் நேரே மேடை.

“அண்ணாச்சி, மேடையில கெடக்கிற சரக்க எடுத்துர முடியுமா?”

“இந்தப் பதட்டத்துல அதத் தொடக்கூடாதும்மா.”

“தண்ணிக் குழாய்?”

“இங்கன வரைக்கும் எட்டாது.”

“அப்ப இந்தப் புல்லத்தான் எடுக்கணும்.”

தெற்கு மூலையில் ஷெட்களை விட்டுத் தள்ளி ஒரு குழி இருந்தது. அதில் கொண்டுபோய்த் தள்ளலாம். நான் பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். “போகணும்னு நெனைக்கிறவுக போங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றேன். சொல்லிவிட்டுச் சாக்கை விரித்துக் குனிந்து அள்ளத் தொடங்கினேன். யாரும் போகவில்லை.

சாக்குக்கு இரண்டு பேராகப் பிடித்து இழுத்தோம். ஃபோர்மேன் கத்துவதை நிறுத்திவிட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். புல் எரியும்போது படபடவென்று ஒரு சத்தம் வரும். வேறு இடமென்றால் அது ஒன்றுமில்லை. அங்கே ஒவ்வொரு படபடப்பும் வெடிச் சத்தமாகக் கேட்டது. கண் வேலியைப் பார்த்தாலும் காது மேடைப் பக்கமே இருந்தது. கேட்டருகே யார் வந்துவிட்டார்கள், யார் இன்னும் வரவில்லை என்று ஆட்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் குவியல் மிச்சமிருக்கும்போது தீ வேலிக்கு வந்துவிட்டது. முகத்தை நேராகக் காட்ட முடியாத வெக்கை. குவியலின் ஓரத்தில் புகை கிளம்பியது. தாயில்பட்டிக்காரிதான் ஷெட் வாசலில் தொங்கிய மணல் வாளியைத் தூக்கிவந்து கவிழ்த்தாள். ஓடிப்போய் இன்னொரு வாளி கொண்டுவந்தாள். புகை அடங்கியது. வேலிக்கு இந்தப் பக்கம் எரிக்க ஒன்றுமில்லாமல் தீ வடக்கே திரும்பி ஓடியது. தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் அதை அங்கே அணைத்தார்கள்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருத்தியின் முந்தானை கருகியது, அவ்வளவுதான். கம்பெனியில் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். தாயில்பட்டிக்காரி மட்டும் குடிக்காமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வராததால் வீட்டுக்குப் போனேன்.

“வாங்க” என்றாள். தண்ணீர் கொடுத்தாள். முகம் கொடுக்கவில்லை.

“எம்மேல கோவமா?”

“ஆமா.”

“போகணும்னா போங்கன்னு சொன்னேன்ல?”

“சொன்னீக. சொல்லிட்டு நீங்க குனிஞ்சு அள்ளுனீக. நீங்க அள்ளும்போது நான் எப்படிக்கா ஓடுறது? மறுநா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்ட வேலைக்கு வாரது?” நான் குடித்த செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். “அம்புட்டு நேரமும் அந்தப் பழைய சத்தந்தான் எனக்குக் காதுக்குள்ள.”

புல்லை எடுத்தது தப்பென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அவள் கேட்டதும் நியாயம். ஓடவேண்டியவளை அன்று நான்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ ஓடு என்று சொல்லியிருக்க வேண்டும்.

“மில்லுத் தோட்டத்துக்கு வாரியா?” என்று கேட்டேன்.

“அங்கன என்ன இருக்கு?”

“பஞ்சு.”

“பஞ்சு மட்டும் தீப் பத்தாதாக்கும்” என்றாள். அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை மில்லுக்கு வந்துவிட்டாள்.

ஃபோர்மேனிடம் போய், டிராக்டர் வேலியோரம் வந்து நின்ற பிறகுதான் இனி அரிவாளை எடுப்போம் என்றேன்.

“சீசன் நேரத்துல டிராக்டருக்கு நான் எங்க போக?” என்று சலித்துக்கொண்டார்.

“அப்ப புல்லுக்கும் வேற ஆளப் பாத்துக்கோங்க அண்ணாச்சி.”

அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது டிராக்டர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது.