முக்கால் இஞ்சு ஓட்டை

மட்டாஞ்சேரி இஞ்சி மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிச்சைமணியின் ஒற்றை அறை வீடு. பதினோரு வருஷமாக அடுத்தவர்களின் மைக் செட்டுக்கு ஒலிபெருக்கிக் குழாய் சுமந்தவர். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, தென்னை மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவது அவர். ஆம்பிளிஃபயர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாயா குடிப்பது வேறொருவர். 1976இல் அந்த நாற்காலியின் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. சொந்தமாக ஆம்பிளிஃபயர் செய்துகொண்டு வருகிறேன் என்று மாரியம்மன் கோயில் கமிட்டியிடம் வாய்விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை கோயில் பொங்கல். செட் பேசாவிட்டால் மறுபடி தென்னை மரம்தான்.

அடியில் ஊசிக்கால்கள் வைத்த கண்ணாடி வால்வுகள் பழைய சாமான் கடையில் கிடைத்தன. அவற்றின் சாக்கெட்டுகளைப் பொருத்த அலுமினியப் பெட்டி ஒன்றே ஒன்று இருந்தது. பின்னால் எட்டுக்கால் வால்வு இரண்டு. அவற்றுக்கு ஒன்றேகால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டை. முன்னால் ஒன்பதுகால் வால்வு இரண்டு. அவற்றுக்கு முக்கால் இஞ்சு போதும்.

“கால் கூடினா ஓட்டை கொறையுமா?” என்றாள் மனைவி பாக்கியலக்ஷ்மி.

“ஒன்பதுகால்காரன் ஒல்லிட்டி.”

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே அது முழுசாகப் பிடிபடவில்லை.

துறைமுக வார்ஃபில் கப்பல் ஒயரிங் பார்க்கும் முனீர் தன் பஞ்ச் செட்டை இரவல் தந்திருந்தான். தகட்டின் இரு பக்கமும் ஒரு துண்டு, நடுவில் போல்ட். ஸ்பானரால் முறுக்கினால் தகட்டை வட்டமாகக் கடித்துத் துப்பும். செவ்வாய்க்கிழமை காலை ‘3/4’ என்று பொறித்ததை எடுத்து மாட்டி முறுக்கினார் பிச்சைமணி. டக்.

ஒன்பதுகால் சாக்கெட்டை வைத்தார். அது ஓட்டைக்குள் விழுந்து தரையில் உருண்டது.

ஸ்கேலால் அளந்தார். ஒரு இஞ்சுக்கும் மேல். ஸ்கேல் பொய் சொல்கிறது என்று பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் இன்னொரு ஸ்கேல் வாங்கி வந்தார். அதுவும் அதே பொய். அப்போது அவருக்கு ஒன்று பட்டது: வேகமாக முறுக்கியதில் தகடு இளகி ஓட்டை விரிந்திருக்கும். அடுத்ததைப் பதமாகப் போட வேண்டும். சிறுசுக்குக் கஞ்சி ஊட்டுவது மாதிரி, கால் சுற்று முறுக்கி, மூச்சு விட்டு, இன்னொரு கால் சுற்று.

இரண்டாவது சாக்கெட்டும் உருண்டது.

அவர் பஞ்சைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். ‘3/4’ ‘3/4’ஆகவேதான் இருந்தது.

மத்தியானம் முனீர் வந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் சந்தில் படுத்திருந்த பூனை எழுந்து போனது.

“எடா பிச்சை, இது ஒயரிங் பைப்புக்கு உள்ள பஞ்சுடா! முக்கால்ங்கறது பைப்போட உள்ளளவு. பைப்பு நுழையணும்னா ஓட்டை பெரிசா வேண்டாமா?”

“அப்ப முக்கால்னு எழுதுனா முக்கால் இல்லியா?”

“முக்கால்தான். ஓட்டை முக்கால் இல்லை.”

பிச்சைமணி சாயா டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்குத் தல சுத்துது முனீரே.”

“சும்மா இரி. இந்த ஓட்டை எட்டுக்காலுக்குச் செரியான அளவு. அவனை முன்னால போடு.”

“முன்னால மைக் வர்ற எடம். ஒன்பதுகாலைப் பின்னால தள்ளினா டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல போயிரும். செட்டு பேசாது, ம்ம்னு முனகும்.”

ஓட்டையைப் பெரிசாக்கலாம். சிறிசாக்க எவனால் முடியும்? மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியலக்ஷ்மி எழுந்து போய், கல்யாணத்துக்கு வந்த பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கொண்டுவந்து போட்டாள். மூடியில் மயில் படம். அந்த டப்பாவில்தான் அவள் ஊசி நூல் வைத்திருந்தாள். வேறு யாரும் தொட்டால் கடித்துவிடுவாள்.

“கிழிஞ்ச எடத்துல ஒட்டுப் போடத் தெரியாதாக்கும். பெரிய எஞ்சினீயரு.”

“மயிலு போயிருமேட்டி.”

“சீக்கிரம் வெட்டுங்க. எனக்கு மனசு மாறிரும்.”

மூடியில் இரண்டு சதுரம் வெட்டி, வட்டமாகப் பொடி ஓட்டைகள் துளைத்து, அரத்தால் ராவி, நிஜமான முக்கால் இஞ்சு எடுக்கப் புதன், வியாழன் முழுக்கப் போனது. தகட்டுக்கு நாலு மூலையிலும் ஸ்க்ரூ. பழைய ஓட்டைகள் அடியில் மறைந்தன. பின்னால் எட்டுக்காலுக்கு அதே பொய்சொல்லிப் பஞ்சைப் போட்டார், கச்சிதம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் பிச்சைமணி நாற்காலியில் உட்கார்ந்தார், பாதி நாற்காலியில் மட்டும். ஸ்விட்சைப் போட்டார். ஒரு வால்வு மயிலின் கழுத்திலிருந்தும் இன்னொன்று தோகையிலிருந்தும் மெல்லச் சிவந்தன. முனகல் இல்லை. மைக்கைப் பாக்கியலக்ஷ்மியிடம் நீட்டினார்.

“என்ன பேச?”

“எதையாவது பேசு.”

அவள் மைக்கை வாயோடு வைத்துக்கொண்டாள். தென்னை மரத்துக் குழாய் சந்து சந்தாகக் கேட்டது:

“ஏங்க, முக்கால்னா எவ்வளவுங்க?”