முகவரிக் கட்டத்தில் பூஜ்யம்

மாதாப்பூர் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி போலாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவளை நிரந்தரமாக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று மேலாளர் எழுத வேண்டிய வாரம் அது. அந்த வாரம் பார்த்துத்தான் போவன்பள்ளி கிளையிலிருந்து வாடிக்கையாளரின் சர்வருக்குப் போகும் வழி அடைபட்டது. மாதாப்பூரிலிருந்து மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

முந்தைய நாள் அவள் ஒரு மாற்றம் செய்திருந்தாள். வாடிக்கையாளரை நம்மோடு இணைக்கும் குட்டி நெட்வொர்க்கின் விவரம் கிளைகளுக்கு எதற்கு, வடிகட்டு என்று சொன்னவர் மேலாளர்தான். மறுநாள் வாடிக்கையாளர் அழைப்பில் வந்து கேட்டதும், செய்தது இந்தப் பெண் என்று கூசாமல் கைகாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் எனக்கும் மேலாளர்.

அவள் அழவில்லை. கிளை ரவுட்டரைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இங்க பாருங்க. அறிவிப்பு வந்து சேந்திருக்கு. ரூட் டேபிள்ல மட்டும் ஏறல. கைக்கு?" போலாரத்துப் பேச்சில் 'கைக்கு' என்றால் 'ஏன்'.

"பழைய கான்ஃபிகை அப்படியே திருப்பிப் போட்டுரு. காரணத்தைப் பொறவு பாத்துக்கலாம்."

"நக்கோ அக்கா, வேணாம். காரணம் தெரியாம திருப்பினா, நான்தான் கெடுத்தேன்னு ஆயிடும்."

ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை. வெளி நெட்வொர்க்குக்கு வழி அறிவிக்கும் ரவுட்டர், அறிவிப்பில் ஒரு முகவரிக் கட்டத்தையும் நிரப்பும். பூஜ்யம் என்றால் 'என்னிடமே வா' என்று பொருள். வேறு முகவரி இருந்தால் 'என்னிடம் வராதே, நேராக அங்கே போ'. அந்த முகவரிக்கு ஓஎஸ்பிஎஃப்பின் உள்வழி தெரியாத ரவுட்டர், அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டே வழியைக் கைவிட்டுவிடும்.

கட்டத்தில் பூஜ்யம் இல்லை, வாடிக்கையாளர் பக்கத்து ரவுட்டரின் முகவரி இருந்தது. அது இருந்ததோ வடிகட்டச் சொன்ன அதே குட்டி நெட்வொர்க்கில். மாதாப்பூருக்கு அது பக்கத்து வீடு மாதிரி. போவன்பள்ளிக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அவள் அந்த ஒரு நெட்வொர்க்கை மட்டும் கிளைக்கு அனுமதித்தாள். வழி திறந்தது.

மாலை மீண்டும் அழைப்பு. யார் கண்டுபிடித்தது என்றார் வாடிக்கையாளர். நான்தான் உட்கார்ந்து பார்த்தேன் என்று மேலாளர் வாய் கூசாமல் சொன்னார்.

என் திரையில் அவளிடமிருந்து செய்தி வந்தது: "இப்ப மட்டும் பூஜ்யம் போட்டுட்டார், பாத்தீங்களா?"

சிரிப்பு வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மைக்கைத் திறந்து, கண்டுபிடித்தது இவள், வடிகட்டச் சொன்னது யார் என்று மெயிலில் இருக்கிறது என்றேன். மேலாளர் இருமினார்.

பிறகு வாடிக்கையாளர் அவரிடம் நிதானமாகச் சொன்னார்: இனி ஏதாவது சிக்கல் வந்தால் உங்களிடம் வர மாட்டோம், நேராக அந்தப் பெண்ணையே கூப்பிடுகிறோம்.

அதற்குப் பிறகு அவளை அனுப்பிவிடச் சொல்லி எழுத அவருக்குக் கை வருமா என்ன?