சுவிட்சுப் பெட்டியும் நந்தியாவட்டைச் செடியும்

வண்ணார்பேட்டை வீட்டு அடுக்களையில் முதன்முதலாக மின்சார விளக்கு எரிந்த நாளில், நான் கரண்டியும் கையுமாக அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்றிருந்தது எனக்கு. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த அடுக்களை இருட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் நான். பட்டப்பகலிலேயே சிம்னி விளக்கு வேண்டும். ஒருமுறை அதில் முந்தானை தீப்பிடித்து, தவலைத் தண்ணீரில் முக்கி அணைத்திருக்கிறேன். இனி அந்தப் பயம் இல்லை என்று நினைக்க நினைக்கத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

மாமனாருக்கு வீட்டை ஒட்டியே அரிசி மில். அங்கே எண்ணெய் இஞ்சினோடு டைனமோ பூட்டி, வீட்டுக்கும் கம்பி இழுத்திருந்தார். எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் இது கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தூத்துக்குடியிலிருந்து வந்த, மின்சார வேலை பார்க்கும் பிட்டர் அடுக்களைச் சுவரில் இரும்புச் சுவிட்சுப் பெட்டியைப் பதித்தார். அதிலிருந்து ஒரு செம்புக் கம்பி புறவாசலுக்குப் போய், குழிக்குள் புதைத்த செம்புத் தகட்டில் முடிந்தது. தகட்டைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டார். பெட்டிக்குள் மின்சாரம் கசிந்தாலும் நம் மேல் பாயாமல் மண்ணுக்குள் இறங்கிவிடுமாம்.

"குழி எப்பவும் ஈரமா இருக்கணும், அண்ணாச்சி" என்று தோண்டுவதற்கு முன்பே சொல்லியிருந்தார் பிட்டர்.

மாமனார் பூஜைக்குப் பூப்பறிக்கும் நந்தியாவட்டைச் செடிப் பக்கம் கைகாட்டினார். "அதுக்கு இவ தெனமும் ரெண்டு குடம் ஊத்துதா. அங்கனயே தோண்டும்."

இவ என்றது என் மாமியாரை. நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

சித்திரையில் நாங்குநேரிப் பங்காளி ஒருவர் காலமானார். பதினாறு நாள் தீட்டு. தீட்டோடு பூஜைச் செடியைத் தொடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பூவும் பறிக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. குழி ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

தீட்டுக் கழிந்த அன்று காலை, அத்தை ஆற்றில் முழுகி ஈரச்சேலையோடு நேரே அடுக்களைக்கு வந்து சுவிட்சில் கை வைத்தார். மறுகணம் கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நான் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தேன்.

மாமனார் பதறி ஓடிவந்தார். "லைட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஏலே, பிட்டரைக் கூட்டிட்டு வா. அம்புட்டையும் கழத்தணும்" என்று மில் ஆளை விரட்டினார்.

மறுபடியும் அந்த இருட்டா? அத்தைக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் புறவாசலுக்கு ஓடினேன். நந்தியாவட்டை இலையெல்லாம் சுருண்டு நின்றது. அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அத்தைக்குச் செம்பை நீட்டிவிட்டு வந்து கிணற்றில் வாளியைப் போட்டேன். இறைத்து இறைத்துக் குழியில் ஊற்றினேன். கை காந்தியது, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

மூச்சு வாங்க உள்ளே வந்தேன். "மாமா, குழி காஞ்சு போயித்தான் பெட்டி கடிச்சிருக்கு. தண்ணி ஊத்திட்டேன். இப்பம் தொட்டுக் காட்டுதேன்" என்று கையை நீட்டினேன்.

அத்தை எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, நீ தள்ளு. வாழ வேண்டியவ" என்றார். மாமனார் தடுப்பதற்குள் தன் ஈரக்கையைப் பெட்டி மேல் வைத்துவிட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது.

"கழத்த வேண்டாம்" என்றார் அத்தை, மாமனாரிடம். "எனக்குக் கண்ணு மங்கி வருசக்கணக்காச்சு. யார்ட்டயும் சொல்லல. அரிசியில கல்லு கெடந்தாத் தெரியாது. இந்த லைட்டு வந்த பொறவுதான் உங்களுக்குக் கல்லில்லாத சோறு போடுதேன்."

மாமனார் அத்தையின் ஈரக்கையைத் தன் துண்டால் துடைத்தார். "கல்லு கடிபட்டது எனக்குத் தெரியாதா? கேட்டா நீ வெசனப்படுவேன்னு முழுங்கிட்டேன்."

பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போய், துணி மாற்றிக்கொண்டு அப்போதுதான் கிளம்பித் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்த மில் ஆளுக்குக் கேட்கும்படி கத்தினார். "ஏலே, கழத்துததுக்கு இல்ல, பழுது பாக்கதுக்குன்னு சொல்லு."