ஏரிக்குள் ஒரு சைபர்

வாரம் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமையாவது பக்கவாட்டில் போகட்டுமே என்று அவர் மனைவி ஆரம்பத்தில் விட்டுவிட்டாள். அங்கேதான் வினை பிடித்தது.

அவர் லிப்ட் மெக்கானிக். உட்கார்ந்தால் கால் ஆடும், படுத்தால் புரள்வார், சாப்பிடும்போதும் ஒரு கண் வாசலில் இருக்கும். "ஒரு இடத்துல இருப்புக் கொள்ளாதா உங்களுக்கு?" என்று அவள் கேட்காத நாளில்லை. அப்படிப்பட்டவர் கையில் யாரோ ஒரு பழைய ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்துத் தொலைத்தார்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தோமே, அந்தக் கோடுகள்தான் விஷயம். பின்னம் இல்லாத முழு டிகிரிக் கோடு இரண்டு, ஒன்றையொன்று வெட்டும் இடத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு! அங்கே ஒன்றும் இருக்காது. முள்ளுக்காடு இருக்கும், தப்பினால் யாரோ ஒருவருடைய வயல் இருக்கும். கருவியில் புள்ளிக்குப் பின்னால் எல்லாம் சைபராக விழும்வரை முன்னே இரண்டடி, பின்னே ஓரடி என்று ஆட வேண்டும். விழுந்ததும் கருவியையும் நாலு திசையையும் படம் பிடித்து, இதே பைத்தியம் பிடித்தவர்கள் நடத்தும் இணையதளத்தில் போட வேண்டும். லிப்ட் கம்பெனியில் அவருக்கு 'சைபர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் பெருமை வேறு.

அந்தக் கருவியில், பூமியை எந்தக் கணக்குப்படி அளப்பது என்று தேர்ந்தெடுக்க ஓர் இடம் உண்டு. சைபர் பழைய புத்தகக் கடையில் ஒரு நில அளவைப் படம் வாங்கியிருந்தார். அதன் ஓரத்தில் அச்சடித்திருந்த பழங்காலத்துக் கணக்கையே முதல் நாள் கருவிக்கும் வைத்தார். காகிதமும் கருவியும் அச்சாக ஒத்துப்போயின. மனிதருக்கு அப்படியொரு திருப்தி. போனில் பார்த்தால் போதாதா என்று யாராவது கேட்டால், "போன்ல வழி பார்க்கலாம், புள்ளி பார்க்க முடியாது" என்பார்.

போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த புள்ளிகளையெல்லாம் ஞாயிறு ஞாயிறாக முடித்தார். ஒன்றுதான் பாக்கி. அது ஏரிக்குள் இருந்தது. அந்த வருஷம் ஏரி வற்றி, தரை தெரிந்தது. திங்கட்கிழமை மேலணையிலிருந்து தண்ணீர் விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஆக, இந்த ஞாயிறு விட்டால் போச்சு.

அதே ஞாயிறுதான் அவர் மனைவி தையல் கடை திறக்கிறாள். இத்தனை வருஷம் சமையலறை மூலையில் மிஷினை வைத்து ஊரார் துணியைத் தைத்தவள். இப்போது சொந்தமாக ஒரு கடை, வாசலில் பலகை.

"ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கணும். நீங்க பக்கத்துல நிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

"எட்டுக்கே வந்து நிப்பேன் பாரு!"

விடியும்போதே பைக்கை எடுத்தார். கரையோரம் கெட்டித் தரை. கருவியோ உள்ளே போ, உள்ளே போ என்றது. போனார். சேறு கணுக்காலைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது. இதோ, இன்னும் கொஞ்சம். எட்டி வைத்த காலில் தொடைவரை இறங்கிவிட்டது. இழுத்தால் மற்றக் காலும் இறங்கியது. இந்த லட்சணத்திலும் கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். விழுந்தது சைபர்! அவர் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"கடைச் சாவி எங்க?"

சட்டைப் பையைத் தொட்டார். இருந்தது. நேற்று மாலை ஷட்டருக்கு எண்ணெய் போட்டுவிட்டு அப்படியே போட்டுக்கொண்டது. நடந்ததை மென்று விழுங்கிச் சொன்னார்.

எதிர்முனையில், "தம்பி வண்டியில வரேன். வாசல்ல ஆளுங்க வந்து நிக்கிறாங்க. உங்களை..." என்று பல்லைக் கடித்தாள்.

"ஏரி பெருசு. வழி சொல்றேன்..."

"வழியா? ரெண்டு நம்பர்தானே? தூக்கத்துலயும் அதானே உளறுறீங்க!"

கடைக்கு ஏற்றிய துணிக்கட்டுகள் இறங்காமலே மினிவேன் கரைக்கு வந்து நின்றது. அவள் போனைப் பார்த்துக்கொண்டே கெட்டித் தரையில் விறுவிறுவென்று நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். தூரத்தில், சேற்றுக்குள் பாதி மனிதர்.

"என்னங்க! நம்பர் இங்க இருக்கு, நீங்க ஏன் அங்க இருக்கீங்க?"

அவருக்கு அது உறைக்கவில்லை. தம்பி ஒரு கட்டுத் துணியைப் பிரித்து வீசினான். நீல நிறம், அவள் பார்த்துப் பார்த்து எடுத்தது. அக்காளும் தம்பியும் பிடித்து இழுக்க, செருப்பைச் சேற்றுக்கே கொடுத்துவிட்டு அவர் வெளியே வந்தார்.

வந்தவர் முதலில் செய்த காரியம், அவள் போனைப் பிடுங்கிக் கருவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். இரண்டும் வேறு வேறு எண் காட்டின. கருவிக்குள் துழாவினார். அந்தப் பழங்காலத்துக் கணக்கு வந்து நின்றது. முகம் செத்துவிட்டது.

"காகிதத்தை நம்பி இதை மாத்தி வெச்சேன். இணையதளத்துக்காரங்க கணக்கு போன் கணக்குதான்."

"அப்போ இத்தனை நாள் போனதெல்லாம்?"

"எல்லாமே தள்ளித்தான் நின்னிருக்கேன். ஒண்ணுல கூட நிக்கல." சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்தார்.

கிழி கிழி என்று கிழிக்கத்தான் அவள் வந்தாள். அதை விட்டுவிட்டு, தான் நின்ற இடத்தைக் காட்டினாள். "அதோ அங்கதான். போய் நின்னுட்டு வாங்க. நாளைக்குத் தண்ணி வந்துடும்."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். கால் துடித்தது. அவள் போன் மறுபடி அடித்தது, கடை வாசலிலிருந்து யாரோ.

"வண்டியை எடு மச்சான்" என்றார்.

சேறு சொட்டச் சொட்ட ஷட்டரைத் தூக்கிவிட்டு, சொன்னபடி அவள் பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். மச்சான் படம் எடுத்தான். நாலு திசைப் படம் எடுத்தே பழகிய மனிதருக்குக் கேமராவைப் பார்த்து நிற்கத் தெரியவில்லை.

சாயங்காலம் கூட்டம் ஓய்ந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, இணையதளத்தில் தன் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தார். ஏரிப் புள்ளிக்கு மட்டும் புதிதாக ஒன்று எழுதி, போய் நின்றவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டார். முடித்ததும் கால் ஆட ஆரம்பித்தது. மிஷின்கூட லேசாக அதிர்ந்தது.

"அடுத்த ஞாயிறு முதல் புள்ளியிலேர்ந்து ஆரம்பிங்க" என்றாள், தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் கால் நின்றது. "நீயும் வர்றியா?"

"எனக்கு ஒரு புள்ளி ஆயிடுச்சு. இனி உங்க பாடு. சாவியை மட்டும் வெச்சுட்டுப் போங்க."